நாஸ் பெட்டி மக்கர் பண்ணும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டில் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, எல்லாக் கணினிகளும் போன்களும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் காரியம் இது: பேக்கப் நின்றுவிட்டது என்றதும் நேராகப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது. நானும் செய்திருக்கிறேன். கடைசியில் எதை மாற்றியதால் சரியானது என்றும் தெரியாது, எதை மாற்றியதால் வேறொன்று கெட்டது என்றும் தெரியாது. என் அனுபவத்தில் பெட்டி குற்றவாளியாக இருப்பது குறைவு. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் வழியோ, கேட்கிற கணினியோ போனோதான் பெரும்பாலும் காரணம்.

அதனால் முதல் வேலை, மூன்றில் எது என்று பிரிப்பது. வீட்டு வைஃபையில் இருக்கும் ஒரு போனை எடுங்கள். பிரவுசரில் பெட்டியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) அடியுங்கள். அமைப்புப் பக்கம் திறந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது, வழியும் சரி. கோளாறு உங்கள் கணினியில். போனிலும் திறக்கவில்லையென்றால் வழியைப் பாருங்கள்: பெட்டியின் பின்னால் நெட்வொர்க் போர்ட்டின் விளக்கு எரிகிறதா? கேபிளின் மறுமுனையில்? விளக்கு இரண்டு பக்கமும் எரிந்தும் பதில் இல்லையென்றால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் எழுதுங்கள். ரீசெட் பொத்தானுக்கு இப்போதைக்குக் கை போக வேண்டாம்.

நேற்று வரை இருந்தது, இன்று காணோம்

மின்சாரம் போய் வந்ததா? ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா? அப்படியென்றால் பெட்டிக்கு வேறு ஐபி முகவரி கிடைத்திருக்கும். நேற்று 192.168.1.20, இன்று 192.168.1.34. ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் புது முகவரி தெரியும். நிரந்தரத் தீர்வு, அந்த முகவரியைப் பெட்டிக்கென்று ஒதுக்கி வைப்பது. ஒதுக்கீட்டை ரவுட்டரில் செய்யுங்கள், பெட்டிக்குள் அல்ல. பெட்டிக்குள் கையால் எழுதிவிட்டால், நாளைக்கு 192.168.0 என்று தொடங்கும் வேறு ரவுட்டர் வாங்கும்போது பெட்டி யாருக்கும் எட்டாத இடத்தில் நிற்கும்.

முகவரி சரி, ஒரு அறையிலிருந்து தெரிகிறது, இன்னொரு அறையிலிருந்து தெரியவில்லை என்றால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு குட்டி நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருக்கும். அதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றினால் எல்லாம் ஒரே வீடாகிவிடும். விருந்தினர் வைஃபையில் சேர்ந்த போனுக்கும் பெட்டி தெரியாது. அது கோளாறல்ல, அதற்காகத்தான் விருந்தினர் வைஃபை. அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியும் இதே கதைதான்.

விண்டோஸில் பெயர் மட்டும் தெரியாமல் இருக்கலாம். கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.34 என்று அடித்துப் பாருங்கள். திறந்தால் கோளாறு பெயரைக் கண்டுபிடிப்பதில் மட்டும்தான். நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள், அல்லது ஐபி முகவரியையே ஷார்ட்கட்டாகப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழைய பெட்டியும் புது விண்டோஸும் சேர்ந்த வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு மொழியை மட்டும் பேசும் பெட்டிகளை, 2017 இலையுதிர்காலத்தில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு புதிதாக நிறுவப்பட்ட கணினிகள் கண்டுகொள்வதில்லை. விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கினால் உடனே வேலை செய்யும். செய்யாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். பெட்டியின் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் இருக்கும், இயக்கப்படாமல் இருக்கும். இல்லவே இல்லையென்றால் கோப்புகளைப் பெட்டியின் இணையப் பக்கம் வழியாக வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய அன்று பெட்டி நின்றுபோனால், நீங்கள் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினராக உள்ளே போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணம். அந்தக் கதவை விண்டோஸ் சாத்திவிட்டது. பெட்டியில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்குங்கள்.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனால் ஏற்க மாட்டேன் என்கிறது

விண்டோஸ் ஒரு சர்வரோடு (இங்கே நம் பெட்டி) ஒரே நேரத்தில் ஒரு பயனர் பெயரில் மட்டும்தான் பேசும். காலையில் இசை ஃபோல்டரை ஒரு பெயரில் திறந்துவிட்டு, மதியம் பேக்கப் ஃபோல்டரை இன்னொரு பெயரில் திறக்கப் பார்த்தால் மறுக்கும். செய்தியைப் படித்தால் புரியாது. பாஸ்வேர்ட் தப்பு என்றுதான் தோன்றும். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பெட்டியின் பெயரில் இருக்கும் பழைய பதிவை நீக்கி, ஒரு முறை லாக் அவுட் செய்து வாருங்கள். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: ஒரு ஃபோல்டரைப் பெட்டியின் பெயராலும் மற்றொன்றை ஐபி முகவரியாலும் திறந்தால், விண்டோஸ் அவற்றை இரண்டு தனித்தனி சர்வர் என்று நினைத்துக்கொள்ளும்.

போனில் நுழைய முடிகிறது, இந்தக் கணினியில் மட்டும் முடியவில்லை என்றால் பெட்டியின் தடைப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் போன வாரம் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். பேக்கப் மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. அது இரவெல்லாம் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டியிருக்கும். பெட்டி அந்தக் கணினியின் முகவரியையே தடை செய்திருக்கும். பெட்டி தன் வேலையைத்தான் செய்தது.

இரண்டடுக்கு உள்நுழைவில் ஆறு இலக்க எண் மட்டும் தொடர்ந்து தப்பு என்று வந்தால் பெட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் 30 வினாடிக்கு ஒரு முறை மாறுவது. கடிகாரம் சில நிமிடம் பிசகினாலே போச்சு.

ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது

முதலில் அளவிடுங்கள். ஐயாயிரம் புகைப்படங்களைத் தள்ளிவிட்டு வேகம் போதவில்லை என்று சொல்லக் கூடாது; சின்னக் கோப்புகள் எந்தப் பெட்டியிலும் மெதுவாகத்தான் போகும். நான்கைந்து ஜிபி உள்ள ஒரே வீடியோவை, கேபிளில் இணைந்த கணினியிலிருந்து அனுப்புங்கள். வினாடிக்கு 110 மெகாபைட் அளவில் வந்தால் கிகாபிட் நெட்வொர்க் தரக்கூடியதெல்லாம் கிடைத்துவிட்டது. 11-இல் நூல் பிடித்த மாதிரி நிற்கிறதென்றால், அந்த 11 என்ற எண்ணே விடையைச் சொல்கிறது: எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை; மேல்செலவு போக 11, 12.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் சாவதில்லை, சத்தமில்லாமல் இறங்கி ஓடும். விளக்கும் எரியும், பெட்டியும் திறக்கும். நான் இரண்டு இரவுகள் பெட்டியின் அமைப்புகளைக் குடைந்துவிட்டு, மூன்றாம் நாள் கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்த கேபிளைக் கண்டேன். அதன் பிறகு எனக்கு ஒரு வழக்கம்: வேகத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் கேபிளை மாற்றச் சொல்வேன். பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களைக் கிளை பிரிக்கும் கருவி) ஒன்று நடுவில் இருந்தாலும் இதே 11 வரும்.

முதல் சில பத்து ஜிபி பறந்து போய், பிறகு திடீரென்று படுத்துவிட்டால் டிஸ்க்கின் வகையைப் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றைத் திருத்தி எழுத, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய இடைக்கால இடம் நிரம்பும்வரை வேகம் இருக்கும், நிரம்பியதும் விழும். பேக்கப்புக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ரெய்டில் (பல டிஸ்க்குகளைக் கோத்து, ஒன்று செத்தாலும் கோப்புகள் தப்பும்படி வைக்கும் அமைப்பு) ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் நாளில் இது வேதனை. நாஸுக்கு டிஸ்க் வாங்கும்போது தடங்கள் ஏறிக் கிடக்காத சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் எல்லாமே மெதுவாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டி சிறுபடங்கள் தயாரித்துக்கொண்டும் பாட்டுகளைப் பட்டியலிட்டுக்கொண்டும் இருக்கும். முடிக்க விடுங்கள்.

பேக்கப் பகலில் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை

பேக்கப் எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் இசட் டிரைவ் என்று கொடுத்திருக்கிறீர்களா? அந்த எழுத்து நீங்கள் லாக் இன் செய்திருக்கும்போது உங்களுக்கு மட்டும் தெரியும் ஒரு செல்லப்பெயர். இரவு இரண்டு மணிக்கு வேறு கணக்கில் ஓடும் பேக்கப் சேவைக்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. \\ என்று தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்து, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் மென்பொருளுக்குள்ளேயே பதியுங்கள். அப்புறம், மடிக்கணினி அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

பேக்கப் பெட்டியையே விழுங்கிவிட்டது

மேக்கோடு வரும் டைம் மெஷின் என்ற பேக்கப் மென்பொருளுக்கு வரம்பு சொல்லாவிட்டால் கிடைத்த இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொன்று என்று சேமித்துக்கொண்டே போய், இடம் தீர்ந்த பிறகுதான் பழையதை அழிக்கும். அது அதன் வடிவமைப்பு. மேக்கின் டிஸ்க் அளவைப்போல் இரண்டு மடங்கு ஒதுக்கீடு வைத்தால் போதும்.

அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் இரண்டு இடங்கள்: பெட்டிக்கென்று தனியாக இருக்கும் குப்பைத் தொட்டி, கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டுகள். ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும்வரை கோப்பு உங்கள் கண்ணுக்குத்தான் போயிருக்கும், டிஸ்க்கிலிருந்து போயிருக்காது.

புதிதாக ஒரு பேக்கப்பைத் தொடங்க வேண்டும் என்று டைம் மெஷின் அடிக்கடி கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியின் மூடியைச் சாத்துகிற பழக்கம் காரணமாக இருக்கலாம். முதல் பேக்கப்பையாவது கேபிளில் முடியுங்கள்.

வெற்றி என்று சொல்கிறது, கோப்பு இல்லை

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான், ஏனென்றால் தேவைப்படும் நாள் வரை தெரியாது. மேகச் சேமிப்பு மென்பொருள் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருக்கலாம். பேக்கப்புக்குப் பெயர்தான் கிடைக்கும். திறந்து கிடந்த அஞ்சல் கோப்பை மென்பொருள் தாண்டிப் போயிருக்கலாம். ஃபோல்டரை நீங்களே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மறந்திருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழி, மாதம் ஒரு முறை மூன்று கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து வேறொரு ஃபோல்டருக்கு மீட்டு, திறந்து பார்ப்பது. ஒன்று பழையது, ஒன்று நேற்றையது, ஒன்று பெரியது.

இன்னொரு வகையும் உண்டு: கணினியில் அழித்தது பெட்டியிலும் அழிந்துவிட்டது. நீங்கள் வைத்திருப்பது பேக்கப் அல்ல, ஒத்திசைவு. ரெய்டும் அப்படித்தான்; அது டிஸ்க் சாவதிலிருந்து காக்கும், உங்கள் விரலிலிருந்து காக்காது. கோப்புகளின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியைப் பெட்டியில் இயக்குங்கள். பெட்டிக்கே ஒரு நகல் வேண்டும், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வீட்டுப் பெட்டி வைத்திருந்த பலர், இணையம் வழியாக வந்த தாக்குதலில் எல்லாம் அழிக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டார்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தத் தாக்குதலும் எட்டாது.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் மட்டும் அடம் பிடிக்கின்றன

கையேடுகளில் கிடைக்காத பகுதி இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதில் ஒரு கோப்புப் பெயரின் உச்சவரம்பு 255 எழுத்து அல்ல, 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘தாலாட்டு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு, டிஸ்க்குக்கு 24 பைட். ஆக, ஒரு பெயரில் 85 குறியீடுதான் கொள்ளும். பெட்டியில் ஃபோல்டரை மறைகுறியாக்கம் செய்திருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம்: பல பெட்டிகள் பயன்படுத்திவந்த இகிரிப்ட்எஃப்எஸ் முறையில் வரம்பு 143 பைட், அதாவது 47 தமிழ்க் குறியீடு. பாடகர், இசையமைப்பாளர், படம், பாட்டின் முதலடி என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் அடைத்து வைத்திருப்பவர்கள் இங்கே சிக்குவார்கள். விண்டோஸ் 255 குறியீடு வரை விடும் என்பதால் கணினியில் சரியாக இருக்கும், நகலெடுக்கும்போது மட்டும் உதைக்கும். பெயரைச் சுருக்குங்கள், விவரமெல்லாம் டேக்கில் (பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதியும் குறிப்பு) இருக்கட்டும்.

அடுத்தது இன்னும் விசித்திரம். ஒரே பாட்டு ஃபோல்டரில் இரண்டு முறை இருக்கிறது, இரண்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அல்லது ஒவ்வொரு இரவும் சில கோப்புகள் மட்டும் புதியவை என்று திரும்பத் திரும்ப நகலாகின்றன. அந்தப் பெயர்களைக் கூர்ந்து பாருங்கள்: கொ, கோ, கௌ போன்ற எழுத்து ஒன்று இருக்கும். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு எப்போதும் பிரித்துத்தான் எழுதும். விண்டோஸில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்த்து வரும். லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடும் என்பதால் அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகப் பேக்கப் எடுப்பவர்களுக்கு இது வரும். ஆர்சிங்க் 3-இலிருந்து எழுத்துக்குறி மாற்றத்துக்கென்றே ‘ஐகான்வ்’ என்ற விருப்பம் உண்டு. நீண்ட காலம் மேக்கோடு வந்த 2.6.9-இல் அது கிடையாது, புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் உள்ள பெயர்களை விண்டோஸ் ஏற்காது. மேக்கிலிருந்து வைத்த கோப்பு விண்டோஸில் கிறுக்கல் பெயரோடு தெரிந்தால் இதுதான். பாட்டின் முதலடி கேள்வியாக இருந்தால் டேக்கில் கேளுங்கள், கோப்புப் பெயரில் வேண்டாம்.

பாட்டுப் பக்கம் வருவோம்

முதல் பாட்டு மட்டும் பத்து வினாடி கழித்துத் தொடங்கினால், டிஸ்க் தூங்கி எழுந்து சுழல எடுக்கும் நேரம் அது. தூக்க நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பத்து வினாடி பொறுங்கள்.

நடுவில் திக்கினால் எல்லோரும் வைஃபை வேகத்தைக் குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: குறுந்தகட்டின் தரம் நொடிக்கு 1,411 கிலோபிட், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தரமே சுருக்காமல் 4,608. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் இன்னும் குறையும். வீடியோ பார்க்க முடிகிற எந்த வைஃபையிலும் இது போகும். திக்கலுக்குக் காரணம் வேகமல்ல, இணைப்பு அவ்வப்போது அறுவது. மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் திக்கினால் ஸ்பீக்கரை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாற்றுங்கள். பேக்கப் ஓடும் நேரத்தில் திக்கினால் பேக்கப் நேரத்தை மாற்றுங்கள். எப்போதும் திக்கினால், பெட்டியிலிருந்து பாட்டை அனுப்பும் சர்வர் மென்பொருள் ஃபிளாக்கை வேறு வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்புகிறதா என்று பாருங்கள். சின்ன பெட்டிகளின் செயலி அதில் திணறும். ஸ்பீக்கருக்கு ஃபிளாக் புரியுமென்றால் அந்த மாற்றத்தை நிறுத்திவிடலாம்.

டிவியில் சர்வர் சில நிமிடம் தெரிந்து பிறகு மறைகிறதா? டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டும் படமும் பகிரும் முறை) கருவிகள் 239.255.255.250 என்ற பொது முகவரியில் கூவி ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். ஸ்விட்ச்சிலோ ரவுட்டரிலோ ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி அரைகுறையாக இயங்கினால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூவலை அடக்கிவிடும். அதை அணைத்துப் பாருங்கள்.

புதிதாகப் போட்ட பாட்டு பட்டியலில் வரவில்லை என்றால் மறுபடி பட்டியலிடச் சொல்லுங்கள். யூஎஸ்பி வழியாகவோ கட்டளை வழியாகவோ வந்த கோப்புகளைச் சில சர்வர்கள் தானாகக் கவனிப்பதில்லை.

ஒரே ஆல்பம் பாடகருக்கொன்றாகப் பத்தாகச் சிதறிக் கிடந்தால், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற டேக் காலியாக இருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் அதில் ஒரே பெயரைப் போடுங்கள், இசையமைப்பாளர் பெயர் நம் பாட்டுகளுக்குப் பொருத்தம். வரிசை 1, 10, 11, 2 என்று வந்தால் டிராக் எண் இல்லை. சர்வர் கோப்புப் பெயரை வைத்து அடுக்குகிறது.

தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டால், சர்வர் ஐடி3-இன் (எம்பி3-க்குள் டேக் எழுதும் முறை) முதல் பதிப்பைப் படிக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான், தமிழில் பத்துக் குறியீடு. கேள்விக்குறிகளாகவோ தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவோ வந்தால் குறியாக்கம் குழம்பியிருக்கிறது. எம்பி3டேக் போன்ற மென்பொருளில் முதல் பதிப்பு டேக்கை நீக்கிவிட்டு, 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 ஆகச் சேமியுங்கள்; பழைய கருவிகளும் படிக்கும். வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்தக் காலத்து வட்டுகளிலிருந்து எடுத்த எம்பி3-களில் நிறைய பார்த்திருக்கிறேன். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கணம் மௌனம், கச்சேரிப் பதிவுகளில் காதை உறுத்தும். எம்பி3-இன் முன்னும் பின்னும் குறியாக்கி சேர்க்கும் வெற்றிடம் ஒரு காரணம், அடுத்த பாட்டை முன்கூட்டியே எடுத்து வைக்காத பிளேயர் இன்னொன்று. ஃபிளாக்கும், இடைவெளியில்லா இசைப்பு என்ற அமைப்புள்ள செயலியும் இருந்தால் தீரும்.

பெட்டி கத்துகிறது, டிஸ்க் டிக் டிக் என்கிறது

இப்போது எதையும் சோதிக்காதீர்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றிக் கழற்றிப் போடவும் வேண்டாம். பெட்டி இன்னும் திறக்கிறதென்றால், வேறெங்கும் நகல் இல்லாத கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். அதன் பிறகு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். 199-ஆம் வரிசையில் மட்டும் எண் ஏறியிருந்தால் கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கலாம், டிஸ்க் பிழைத்தது. கெட்டுப்போன இடங்களை எண்ணும் 5, 197, 198 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றுமுன், செத்த டிஸ்க்கின் தொடர் எண்ணை அமைப்புப் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் எடுத்த டிஸ்க்கின் ஒட்டுத்தாளோடு ஒப்பிடுங்கள். இடது பக்கம் முதலாவதா, வலது பக்கமா என்ற ஊகத்தில் நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் உண்டு. புது டிஸ்க் அதே அளவோ பெரியதோ இருக்கலாம், சிறியது கூடாது. 8 டிபி டிஸ்க்கை முழுதாகத் திரும்ப எழுத வினாடிக்கு 150 மெகாபைட் என்றாலும் பதினைந்து மணி நேரம் ஆகும். அது முடியும்வரை இரவுப் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள். பாட்டு கேட்டுக்கொள்ளலாம்.